புதுப்பிக்க வேண்டியது சீட்டையா, ஆளையா?

ஒயர்மேன் லைசென்ஸைப் புதுப்பிக்க விண்ணப்பமும் கட்டணமும் போதும். இடையில் என்ன கற்றீர் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கோப்பு பார்த்தே காலம் கழித்தவன். முத்திரை குத்துவது பரிசோதனை ஆகாது.

1956ஆம் வருட மின்சார விதிகள் போய் 2010இல் புதிய ஒழுங்குமுறை வந்தது. அதுவும் போய் 2023இல் இன்னொன்று. ஃப்யூஸ் கம்பி கட்டிய காலத்தில் பரீட்சை எழுதியவர் இன்று மாடியில் சோலார் பலகை மாட்டுகிறார். மெயினை அணைத்தாலும், வெயில் உள்ளவரை பலகையிலிருந்து இறங்கும் ஒயரில் மின்சாரம் இருக்கும். அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒயரைத்தான் காக்கும். ஆளைக் காப்பது 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. "சும்மா சும்மா விழுகிறது சார்" என்று அதையே கழற்றிவிட்டு நேராக இணைத்துப் போகிறவர்களும் உண்டு!

பிரான்சில் மின்வேலை செய்பவர்களுக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி தருவது வழக்கம். அதை 'ரெசிக்லாழ்' என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நண்பர்களைக் கேளுங்கள்.

கூலியை விட்டுவிட்டு வகுப்புக்கு யார் வருவார் என்கிறார்கள். வரமாட்டார்தான். அப்படியானால் 5 வருடத்துக்கு 2 நாள், ஐ.டி.ஐ.யிலேயே, அன்றைய கூலியும் கொடுத்து நடத்துங்கள். வாங்குகிற கட்டணத்தை வேறு எதற்கு வைத்திருக்கிறீர்கள்?