பிரிவினைக்கு மருந்து எது?

குற்றாலத்தில் நீராடிவிட்டுச் செங்கோட்டை மார்க்கமாக மலையேறிச் செல்லும் யாத்ரிகர்களில் எத்தனை பேர், 1956-ம் வருஷம் அக்டோபர் முடிய அவ்வூர் வேறு ராஜ்யத்தில் இருந்தது என்பதை நினைக்கிறார்கள்? தென்காசியும் குற்றாலமும் சென்னை ராஜ்யத்தில். சில மைல் தூரத்திலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர்-கொச்சியில். இந்த எல்லை மாறிய விதம், பிரதேச உணர்ச்சியைக் கண்ட மாத்திரத்தில் "தேசத்துக்கு ஆபத்து" என்று கூக்குரலிடுவோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடமாகும்.

தமிழர் வாழும் தாலூகாக்களைச் சென்னையுடன் சேர்க்க வேண்டுமென்று ஸ்ரீ நேசமணி முதலிய தலைவர்களைக் கொண்ட திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. 1954-ம் வருஷத் தேர்தலில் அக்கட்சி சட்டசபைக்கு 12 அங்கத்தினர்களை அனுப்பியது. அவ்வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை முதலிய இடங்களில் போலீஸார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. துப்பாக்கி கோரிக்கையை அடக்கிற்றா? இல்லை. 1955 பிப்ரவரியில் ஸ்ரீ பட்டம் தாணுப் பிள்ளையின் மந்திரிசபைதான் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் கவிழ்ந்தது. ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் ஐந்து தாலூகாக்களைச் சென்னைக்குச் சிபாரிசு செய்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி ஜில்லா உதயமாயிற்று. செங்கோட்டைத் தாலூகாவின் பெரும்பகுதி திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் கேட்டவர்கள் தேசத்தை விட்டு விலகவில்லை. வாஞ்சிநாதன் பிறந்த ஊருக்கா தேசபக்தியை உபதேசிக்க வேண்டும்?

"அது எல்லைத் தகராறு, தனி நாடு கேட்பது வேறல்லவா?" என்பர் சிலர். மெய்தான். திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாடு என்ற தனி நாட்டையே கேட்டது. அக்கோரிக்கை நமக்குச் சம்மதமன்று. ஆனால், அது வலுவிழந்தது எவ்வாறு? 1957-ல் அக்கழகத்தார் முதன்முறையாகத் தேர்தலில் இறங்கிச் சட்டசபையில் 15 ஸ்தானங்கள் பெற்றனர். 1962-ல் அது 50 ஆயிற்று. அவ்வருஷமே சீனப் படையெடுப்பு நேர்ந்தது. 1963-ல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம், தேசத்தின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக அபேட்சகர்கள் பிரமாணம் செய்ய வேண்டுமென விதித்தது. அவ்வருஷமே கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967-ல் ஆட்சிப் பீடமேறியது. 1969-ல் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரும் அமைந்தது.

சட்டமே பிரிவினையைக் கொன்றது என்று வாதிப்போர் பாதி உண்மையையே சொல்கின்றனர். சட்டம் ஒரு கதவைச் சாத்தியது. ஆட்சிக்குச் செல்லும் கதவோ திறந்தே இருந்தது. இரண்டையும் ஒருங்கே சாத்தியிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும்?

அக்கேள்விக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவின் சரித்திரம் விடை பகரும். 1960-ல் சுதந்திரம் பெற்ற அத்தேசத்தில், 1964 டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலை எதிர்க்கட்சிக் கூட்டணி பகிஷ்கரித்தது. கிழக்குப் பிரதேசத்தில் அன்று வாக்குப்பதிவே நடைபெறவில்லை. 1965-ல் மேற்குப் பிரதேசத் தேர்தல் மோசடியாலும் கலகத்தாலும் சீரழிந்தது. 1966 ஜனவரியில் ராணுவத்தினர் ஆட்சியைக் கவிழ்த்தனர். வடக்கே இக்போ ஜாதியார் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். 1967 மே 30-ந் தேதி கிழக்குப் பிரதேசம் பையாஃப்ரா என்ற தனி நாடாகத் தன்னைப் பிரகடனம் செய்துகொண்டது. 1970 ஜனவரி வரை நீடித்த யுத்தத்திலும் பட்டினியிலும் பல லக்ஷம் பேர் மாண்டனர். யுத்தத்துக்குத் தேர்தல் ஒன்றே காரணமன்று. ஆனால் வாக்குச் சீட்டில் நம்பிக்கை அற்றுப்போன தேசத்தில், சமரசம் பேச இடம் ஏது?

ஆகவே, தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுவே. பிரிவினை வாதத்தை மேடைதோறும் எதிர்த்துப் பேசுங்கள்; அதை நம்புகிறவனைத் தேசத்துரோகி என்று தள்ளிவிடாதீர்கள். அவனுடைய குறை மெய்யானால் அதைத் தீர்க்கப் பாடுபடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடைய வாக்கு யோக்கியமாக எண்ணப்படுவதற்கு நீங்களே காவல் நில்லுங்கள். தோற்றவனும் அடுத்த தேர்தலை நம்பிக் காத்திருக்கும் தேசம் உடையாது.