வேலை கிடைச்சிடுச்சு மச்சி!

நண்பர்களே, இந்த மலருக்குக் கவிதைதான் கேட்டார்கள். எனக்குக் கவிதை வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

போன செமஸ்டர் பரீட்சை முடிந்த மறுநாள். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து என் அறைத்தோழன் போன் பண்ணினான். "மச்சி, வேலை கிடைச்சிடுச்சுடா! ஒரகடத்துல கார் கம்பெனி. மெயில்லயே ஆர்டர் வந்திடுச்சு!" இன்டர்வியூவுக்கு எப்போடா போனே என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. டீ வாங்கிக் கொடு என்றேன், அவ்வளவுதான். யூனிஃபார்ம், சேஃப்டி ஷூவுக்கு என்று 4,800 ரூபாய் கட்டிவிட்டான். வேலையில் சேர்ந்ததும் திருப்பித் தருவார்களாம். அவன் அப்பா நெல் விற்ற காசு அது.

பிறகு இருவரும் உட்கார்ந்து, லேபில் மோட்டாரைப் பிரிப்பதுபோல அந்த மெயிலைப் பிரித்தோம். லோகோ சரி. சீல் சரி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. (பிழை இருந்தால் போலி என்பதெல்லாம் பழைய பாடம். இப்போது ஏ.ஐ. எழுதித் தருகிறது, நம் பிராஜக்ட் ரிப்போர்ட்டைவிட நல்ல இங்கிலீஷ்!) செல்போனில் அனுப்பியவர் பெயர்தான் தெரியும். அதைத் தொட்டால்தான் முகவரி விரியும். விரித்தோம். கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு, பிறகு 'ஜாப்ஸ்', பிறகு டாட் காம். அந்தக் கோடு விழுந்தாலே வேறு வீடு, வேறு பட்டா. 'இன்று மாலை 5 மணிக்குள்' என்ற அவசரம் வேறு.

வங்கிகளுக்காவது ஒரு வழி பிறந்தது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வேலை தருகிறவர்களுக்கு அப்படி முத்திரை கிடையாது. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக இருக்கிற கன்சல்டன்சிகளில் நிஜமானவையே சில ஜிமெயிலில்தான் கடிதம் அனுப்புகின்றன. ஆகவே முகவரியை மட்டும் நம்பிப் பயனில்லை. வேலைக்கு முன்னால் பணம் கேட்டால், யாராக இருந்தாலும் போகாதே என்பதே என் கட்சி.

"படிச்சவனே ஏமாந்தா எப்படி?" என்று சிரிக்கிறோமே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2007ல் அபுதாபியில் வேலை பார்த்த ஒருவர், தன் வங்கியிலிருந்து வந்ததுபோல் இருந்த மெயிலுக்கு பாஸ்வேர்டைக் கொடுத்தார். தூத்துக்குடி கிளைக் கணக்கிலிருந்து பணம் பறந்தது. வாடிக்கையாளரின் அஜாக்கிரதை என்றே வங்கியும் வாதாடியது. தமிழக ஐ.டி. செயலாளர் அதை ஏற்கவில்லை. 12.85 லட்சம் ரூபாய் கொடு என்று 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார்.

நம்மாள் விஷயத்தை என்னிடம் சொன்னதே மூன்று நாள் கழித்துத்தான். ஏன் தெரியுமா? நாங்கள் சிரிப்போம் என்ற பயம்! உடனே 1930க்குப் போன் போட்டிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கியிருக்க வாய்ப்பிருந்தது. மூன்று நாளில் அந்தக் கணக்கு காலி. தாம்பரத்துக்கென்று 2022லிருந்து தனி போலீஸ் கமிஷனரேட்டே இருக்கிறது. புகார் கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்.

யூனியன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட் ஃபிக்ஸர் ஒட்டும் போர்டில் 1930 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. பெயர் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இதை எழுத விட்டான்.