15-க்கும் 50-க்கும் நடுவே



கார்ப் பிரியர்களுக்குச் சாலை ஒருநாளும் சலிப்பதில்லை. கிண்டி சிக்னலில் எத்தனை வண்டி நின்றாலும், நாலாவது வரிசையில் ஒரு கான்டெஸா இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும். காரைக்குடிப் பக்கம் போனால் பெரிய வீட்டுக் கொட்டகைகளில் ஃபியட் நிற்கிறதா என்று எட்டிப்பார்க்கத் தோன்றும். ஊட்டி மலைப்பாதையில் டீசல் அம்பாசடர் ஏறிவரும் சத்தம் வளைவுக்கு முன்பே காதில் விழுந்துவிடும். எண்பலகை படிப்பது தனிச் சுகம். 1989-இல் டி.என். வரிசை வருவதற்கு முன் இங்கே பதிவான வண்டி என்றால், எம் அல்லது டி-யில் தொடங்கும் மூன்றெழுத்து இருக்கும். அதைப் பார்த்த கணமே மனம் வண்டியின் வயதைக் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

இப்படிப் பார்த்துக்கொண்டே வரும்போது ஒரு கவலை வளர்கிறது. கண்காட்சிகளில் 1930-களின் வண்டிகள் பளபளக்கின்றன. அவற்றைப் பேணும் குடும்பங்கள் இருக்கின்றன, வசதியும் இருக்கிறது. சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வருபவை 1980-களிலும் 90-களிலும் நம் தெருக்களில் நின்ற சாதாரண வண்டிகள்தான். முதல் தலைமுறை மாருதி 800-ஐக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காரணத்தின் ஒரு பகுதி விதிகளிலேயே இருக்கிறது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி, கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறுகோடியில், மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதி இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, அடிப்படை அமைப்பு மாறாத வண்டிகளுக்கு அது தனி மதிப்புத் தருகிறது. புதிதாகப் பதிவுசெய்தால் வி.ஏ. எழுத்துகளோடு எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வரவேற்க வேண்டிய விதி. ஆனால் 15 முடிந்து 50 நிறையும்வரை 35 ஆண்டுகள் இருக்கின்றன. அவ்வளவு காலமும் அந்த வண்டி ஊருக்கு வெறும் பழைய கார்தான். அதற்குள் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

புகழ்பெற்ற வண்டிகூட இந்தக் கதியை நெருங்கியதுண்டு. 1983 டிசம்பர் 14 அன்று நாட்டின் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கையிலிருந்து வாங்கியவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். 2010-இல் அவர் மறைந்த பிறகு அந்தக் கார் வெயிலிலும் மழையிலும் துருவேறி நின்றது. பின்னர் நிறுவனமே அதைப் புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் வைத்திருக்கிறது. முதல் வண்டி என்பதால் அது பிழைத்தது. அதன் பின்னால் வந்த லட்சக்கணக்கான வண்டிகளுக்கு அந்தப் பேறு இல்லை. மும்பைத் தெருக்களை ஆண்ட பத்மினி டாக்சிகளையும் எண்ணிப் பாருங்கள். கடைசியாகப் பதிவான வண்டிக்கு 20 ஆண்டு நிறைந்ததும், 2023 அக்டோபரோடு அவை அங்கே டாக்சியாக ஓடுவது நின்றுபோனது.

இந்தப் பழைய கார்கள் மீது நமக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு கார் தயாரானது. பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து இன்ஜினை முழுசாகக் காட்டும். மெக்கானிக் முன்டயர் மீதே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அதன் நான்கு கதவு வடிவம் இங்கிலாந்தில்கூடக் கிடையாது, இங்கேதான் உருவானது. இன்று ஓடுகிற ஒவ்வொரு ஹெரால்டையும் அந்த 35 ஆண்டு ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அது 50-ஐக் கடந்தது.

அடுத்த வரிசையும் நம் மண்ணில் பிறந்ததுதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ வந்தது. மறைமலை நகரில் 1999-இல் ஐகான் வந்தது; இந்தியாவுக்கென்றே ஃபோர்டு வடிவமைத்த கார் அது. அந்தக் கார்களை நம் பக்கத்து வீட்டு அண்ணன்களும் அக்காக்களும் ஷிப்ட் பார்த்துச் செய்தார்கள். ஃபோர்டு 2021-இல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்த முடிவெடுத்துவிட்டது. ஆகவே நல்ல நிலையில் இருக்கும் ஓர் ஐகான் இனி மறைமலை நகரின் தொழில் வரலாற்றுக்குச் சாட்சி. அது விண்டேஜ் ஆவதற்கு 2049 வரையாவது காத்திருக்க வேண்டும். அதுவரை காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

காப்பதற்குப் பெரும் செல்வம் தேவையில்லை, அக்கறை தேவை. ஆர்.சி. புத்தகத்தின் காலக்கெடு தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு ஒருமுறை அறுந்துவிட்டால் மீட்பது கடினம். இன்ஜின் பாகங்களைவிட முதலில் கிடைக்காமல் போவது கண்ணாடியும் ரப்பர் பீடிங்கும் பின்விளக்குச் சட்டமும்தான். புதுப்பேட்டையில் கண்ணில் பட்டால் இன்றே வாங்கிவையுங்கள். வண்டியை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். நின்றே இருக்கும் வண்டியில் பிரேக்கும் கார்புரேட்டரும் கெட்டுப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யும் மெக்கானிக்குகளையும், தகரத்தைத் தட்டியே பழைய வளைவைக் கொண்டுவரும் டிங்கர்களையும் மதியுங்கள். உங்கள் பிள்ளைகளை அவர்கள் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். அந்தக் கைப்பழக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

இந்த நடுவயது வண்டிகளுக்காக அடுத்த இதழ் முதல் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ 15-க்கும் 50-க்கும் இடைப்பட்ட கார் ஓடிக்கொண்டிருந்தால், அதன் படத்தோடு எழுதுங்கள். எந்த ஆண்டு வாங்கியது, முதலில் ஓட்டியது யார், இப்போது யார் கைபார்க்கிறார்கள், எந்தப் பாகம் கிடைக்காமல் தவிக்கிறீர்கள் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டும். ஒருவர் தேடும் பின்விளக்கு இன்னொருவர் பரணில் இருக்கக்கூடும். வாசகர்களாகிய நீங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டால் அது கை மாறிவிடும். உங்கள் கடிதங்களை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்