110 நிமிஷமும் 14 நாளும்

கரோல் பாக்கில் பூசா சாலையின் ஓரமாக விடிகாலையில் உலாவச் செல்பவர்கள், மெட்ரோ தூண்களுக்கடியில் வண்டிகள் தேங்கத் தொடங்குமுன்பே ராஜேந்திர நகர்ப் பக்கம் விரையும் வாகனங்களைக் கண்டிருப்பார்கள்; அவற்றுள் ஏதேனும் ஒன்றில், கனத்த ஈயப் பாத்திரத்துக்குள் அடங்கி, பெட் ஸ்கேனுக்கான, புளூரின்-18 ஏற்றிய கதிரியக்க மருந்தாகிய எஃப்டிஜி ஒரு சிறு குப்பியில் வந்துகொண்டிருக்கலாம் என்ற எண்ணம் நம் துறையினரைத் தவிர வேறெவருக்கும் எழாது. வடக்கே திமார்பூரிலுள்ள இன்மாஸ் நிலையத்தைப்போல் அம்மருந்துக்கு வேண்டிய சைக்ளோட்ரானைத் தம் வளாகத்திலேயே உடைய இடங்கள் சிலவே. ஏனையோர் தலைநகரின் சாலைகளை நம்பியே பெட் ஸ்கேன் நடத்துகிறார்கள். அரைமணி தாமதத்தில் புளூரின்-18இன் கதிரியக்கத்தில் 17 சதவீதமும், ஒரு மணியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும் கழிந்துவிடுவதால், பட்டினியோடு காத்திருக்கும் நோயாளியின் பெயர் மறுநாள் பட்டியலுக்கு மாறும் துயரத்தை நாம் அடிக்கடி காண்கிறோம்.

இந்த ஓட்டம் புதிதன்று. 1976 ஆகஸ்டில் புரூக்ஹேவனில் இடோவும் அவருடைய சகாக்களும் தயாரித்த எஃப்டிஜி, விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனித உடலில் முதன்முறையாகச் செலுத்தப்பட்டபோதும், அரையாயுள் இதே 110 நிமிஷந்தான். நம் நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002இல் மும்பை பரேலில் இயங்கத் தொடங்கிய நாள்முதல், ஆக்ஸிஜன்-18 செறிந்த நீரில் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சுவதிலும், விளைந்த புளூரைடைப் பிரித்துத் தானியங்கிச் சாதனத்தில் அரைமணிக்குள் மருந்தாக மாற்றுவதிலும் நாம் அடைந்துள்ள தேர்ச்சி மெச்சத்தக்கது. அதைப்பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை.

நம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேறொரு காலக்கணக்கு. நிறம், தெளிவு, அமிலத்தன்மை, கதிர்வேதித் தூய்மை, கிரிப்டோஃபிக்ஸ் எச்சம், எண்டோடாக்ஸின், வடிகட்டியின் குமிழிச் சோதனை ஆகிய யாவும் குப்பி வெளியேறுமுன் முடிந்துவிடக் கூடியவை. கிருமியின்மைப் பரீட்சையோ 14 நாள் வளர்ப்பூடகத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. அந்த 14 நாளில் 183 அரையாயுள்கள் கழிந்திருக்கும்; மருந்தோ முதல் நாளிலேயே நோயாளியின் இரத்தநாளத்தில் ஏறிவிட்டிருக்கும். வேறெந்த ஊசிமருந்துக்கும் எளிதில் கிடைக்காத, பரீட்சை முடிவு வருமுன்பே மருந்தைச் செலுத்தலாம் என்னும் இச்சலுகையை, நம்மிடம் வேறு வழியில்லை என்பதை உணர்ந்தே மருந்துநூல் நமக்கு அளித்திருக்கிறது. ஆகையால் அன்று காலை ஹாட் செல்லின் முன் நின்றவருடைய கைகளின் சுத்தமும், வடிகட்டியைப் பூட்டுகையில் அவர் காட்டிய சிரத்தையும், ஆண்டுதோறும் மீடியா ஃபில் சோதனையில் அவர் தேறியிருப்பதுமே அந்நோயாளிக்கு நாம் தரக்கூடிய முழு உத்தரவாதம்.

இத்தனை முக்கியமான பரீட்சையின் முடிவு அதற்குரிய கவனத்தைப் பெறுகிறதா? பெயர் சொல்ல அவசியமில்லாத ஓர் ஆய்வகத்தில், இரண்டு மாத காலத்து வளர்ப்பூடகக் குழாய்கள் ஒரே நாளில் பார்க்கப்பட்டு, ஒரே பேனாவால் கையெழுத்தாகியிருந்ததை நாம் நேரிலே கண்டு மனம் வருந்தினோம். கதிரியக்கம் தணிந்துவிட்ட குப்பி அபாயமற்றது என்ற நினைப்பில், அதனோடு மருந்தின் வரலாறும் தீர்ந்துவிட்டதாக அங்கிருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள் போலும். ஒரு குழாய் கலங்கியிருந்தால், அந்தத் தொகுதியை எந்தெந்த மருத்துவமனையில், எந்தெந்த நோயாளி, எத்தனை மணிக்குப் பெற்றார், அவருடைய வைத்தியருக்கு யார் தொலைபேசியில் சொல்வது என்பவற்றுக்கு அங்கே எழுதிவைத்த ஏற்பாடு எதுவும் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களே நம்மிடம் பெரும்பாலும் வருகிறார்கள் என்பதை நினைக்கையில் இக்குறை அற்பமானதாகத் தோன்றவில்லை.

அனுப்பும் இடமும் பெறும் இடமும் ஒரே பதிவேட்டில் தொகுதி எண்ணையும் நோயாளிப் பட்டியலையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்றும், குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் 14ஆம் நாளிலேயே, பார்த்த நேரத்தோடு, அதில் கையெழுத்திட வேண்டும் என்றும் நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் புதிய இயந்திரமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. நாளைக் காலை வரும் முதல் குப்பியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.