விலை இறங்கும்போதும் அரசு விழித்திருக்க வேண்டும்: வெங்காயம், தக்காளி மொத்த விலை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வெங்காயமோ தக்காளியோ கிலோ நூறு ரூபாயைத் தொட்டால் டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் உத்தரவுகள் வரிசையாக வருகின்றன. அதே சரக்கு மண்டியில் ஐந்து ரூபாய்க்குக் கேட்பாரில்லாமல் கிடந்தால் யாருக்கும் அவசரம் இல்லை. இந்த வேறுபாட்டைத்தான் எங்கள் சங்கம் எதிர்க்கிறது. மொத்த விலையில் அரசு தலையிடலாம், தலையிடவும் வேண்டும். விலை ஏறும்போது காட்டும் அதே வேகத்தை இறங்கும்போதும் காட்ட வேண்டும். இரண்டுக்குமான விதியை விதைப்புக்கு முன்பே எழுதி அறிவித்துவிட வேண்டும். பயிர் நிலத்தில் நிற்கும்போது ஏற்றுமதியைத் தடை செய்யக் கூடாது.

சின்ன வெங்காயமும் தக்காளியும் பயிரிடும் சிறு, குறு விவசாயிகள் சேர்ந்த சங்கம் இது. வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் இதில் உறுப்பினர்கள் இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நாங்களும் கடையில்தான் வாங்குகிறோம், ஆகவே விலைவாசியின் வலி எங்களுக்கும் தெரியும். எங்கள் வயலில் விளையாத பெரிய வெங்காயத்தைப் பற்றியும் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நாசிக் சரக்கு மலிந்தால் ஓட்டல்காரர்கள் அதற்கு மாறிவிடுவார்கள், சின்ன வெங்காயத்தின் விலையும் கூடவே இழுபட்டு இறங்கும்.

கடந்த சில ஆண்டுகளில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 19 அன்று வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி வந்தது. அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலருக்குக் கீழே ஏற்றுமதி செய்யக் கூடாது என்றார்கள். டிசம்பர் 8 அன்று முழுத் தடை. அதற்கு மார்ச் 31 வரை என்று காலக்கெடு வைத்திருந்தார்கள், அந்தக் கெடு முடியுமுன்பே தடையை நீட்டிவிட்டார்கள். 2024 மே 4 அன்று தடை நீங்கியது, ஆனால் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் ஒட்டிக்கொண்டே இருந்தன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலையை எடுத்து, வரியைப் பாதியாக்கினார்கள். வரி முழுமையாக விலகியது 2025 ஏப்ரல் 1 அன்றுதான். இருபது மாதத்தில் இத்தனை மாற்றம். ஏறத்தாழ எழுபது நாளில் முடியும் பயிரை வைத்திருப்பவர் இதில் எந்த விதியை நம்பி நிலத்தை உழுவார்? 2019 செப்டம்பரிலும் 2020 செப்டம்பரிலும் இதே போன்ற தடைகள் வந்தன. இலங்கை, வங்கதேசம், மலேசியா என்று நம் வெங்காயத்தை நம்பியிருந்த நாடுகள் ஒவ்வொரு முறையும் வேறு நாட்டைத் தேடிப் போயின. ஒருமுறை கைநழுவிய சந்தை, தடை நீங்கிய மறுநாளே திரும்பி வந்துவிடாது.

இத்தனைக்கும் வெங்காய விலை ஏற்றம் திடீரென்று வருவதில்லை. நாட்டின் வெங்காயத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ராபி பருவத்தில், மார்ச் கடைசியிலிருந்து மே வரை அறுவடையாகிறது. இருப்பில் தாங்குவதும் அந்த வெங்காயம்தான். மகாராஷ்டிர விவசாயிகள் அதைக் காற்றோட்டமான கொட்டகைகளில் சேர்த்து வைத்து செப்டம்பர், அக்டோபர் வரை கொஞ்சம் கொஞ்சமாக லாசல்காவ் போன்ற சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். பழைய இருப்பு தீர்ந்து, காரிஃப் சரக்கு வரத்து தொடங்குவதற்கு இடையிலான வாரங்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் இடுக்கான காலம். அந்த நேரத்தில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மழை அடித்தால் விலை எகிறும். 2019இல் அப்படித்தான் நடந்தது. எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயம் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. மே மாதமே தெரிந்துவிடும் இருப்புக் கணக்கை வைத்து ஜூனில் செய்ய வேண்டிய வேலையை டிசம்பரில் தடையாகச் செய்கிறார்கள் என்பதே எங்கள் குற்றச்சாட்டு. மத்திய அரசு 2023இல் கையிருப்பை 3 லட்சம் டன்னிலிருந்து 5 லட்சம் டன்னாக உயர்த்தியதையும், சில்லறையில் கிலோ 25 ரூபாய்க்கு விற்றதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலை அதுதான். அதைச் செய்துகொண்டே ஏற்றுமதிக் கதவையும் இழுத்துச் சாத்தியதுதான் தவறு.

தக்காளியில் இந்த ஒருதலைப்பட்சம் இன்னும் பளிச்சென்று தெரியும். அதை வைத்திருந்து விற்க முடியாது, பறித்த இரண்டு மூன்று நாளில் தள்ளியாக வேண்டும். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னை ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. மத்திய அரசின் கூட்டுறவு நிறுவனங்கள் 90 ரூபாயில் தொடங்கி படிப்படியாகக் குறைத்து விற்றன. ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து தக்காளி வருவதாக நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் அறிவித்தார். செப்டம்பரில் அதே தக்காளி பல சந்தைகளில் பத்து ரூபாய்க்கும் கீழே சரிந்து, சாலையோரத்தில் கொட்டப்பட்டது. அப்போது எந்த ரேஷன் கடையும் தக்காளி வாங்க வரவில்லை. உடுமலையிலும் ஒட்டன்சத்திரத்திலும் 14 கிலோ பெட்டிக் கணக்கில் ஏலம் போகும். பெட்டி விலை பறிப்புக் கூலிக்குக்கூட வராத நாட்களில் நாங்கள் பறிப்பதையே நிறுத்திவிட்டு ஆடு மாட்டை வயலுக்குள் விட்டுவிடுகிறோம். அப்படி விட்ட தக்காளி எந்த வரத்துக் கணக்கிலும் ஏறுவதில்லை.

விலை சரிந்தால் உதவ ஒரு திட்டம் காகிதத்தில் இருக்கவே செய்கிறது. சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்பது அதன் பெயர். முந்தைய வழக்கமான ஆண்டைவிட விலை குறைந்தது 10 சதவீதம் இறங்க வேண்டும், மாநில அரசு கேட்டு எழுத வேண்டும், இழப்பில் பாதியை மாநிலம் ஏற்க வேண்டும். கோப்பு சென்னைக்கும் டெல்லிக்கும் போய்வருவதற்குள் தக்காளிச் செடி காய்ந்துவிடும். ஏற்றுமதித் தடைக்கு எந்த மாநிலமும் எழுதிக் கேட்க வேண்டியதில்லை, ஒரு நள்ளிரவு அறிவிக்கை போதும்.

மண்டிக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம், கூலியும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறும். ஒரு விவசாயி 50 கிலோ மூட்டையாக 20 மூட்டை சின்ன வெங்காயத்தைக் கமிஷன் மண்டிக்குக் கொண்டுபோகிறார். ஏலத்தில் கிலோ 18 ரூபாய், மொத்தம் 18,000. பல காய்கறி மண்டிகளில் விவசாயியிடமே பத்து சதவீதம் வரை கமிஷன் பிடிப்பது வழக்கம். அதில் 1,800 போகும். வண்டி வாடகை மூட்டைக்கு 40, இறக்குக் கூலி 10, சாக்கு 25 என்று வைத்தால் 1,500. அதற்கு முன்பே வயலில் பிடுங்கி, காயவைத்து, தாள் அறுத்து, தரம் பிரிக்கக் கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் 4,000 கொடுத்திருப்பார். கையில் நிற்பது 10,700, அதாவது கிலோவுக்கு 10 ரூபாய் 70 காசு.

இதில் விதைச் செலவு இன்னும் சேரவில்லை. ஏக்கருக்கு ஏறக்குறைய 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். விலை ஏறிய பருவத்தில் நடுபவர் விதையையும் ஏறிய விலைக்குத்தான் வாங்குவார். கிலோ 80 என்றால் ஏக்கருக்கு 48,000 ரூபாய். திருகல் நோயும் அழுகலும் தப்பி ஏக்கருக்கு 5 டன் எடுத்தாலும், விதை மட்டுமே கிலோவுக்கு 9 ரூபாய் 60 காசை விழுங்கிவிடும். மிச்சம் 1 ரூபாய் 10 காசு. உழவு, உரம், மருந்து, களை, தண்ணீர், குத்தகை எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். வெங்காயம் விலை ஏறினால் விவசாயி கொழிக்கிறார் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றும் இதையே வேறு விதத்தில் சொன்னது. வாடிக்கையாளர் வெங்காயத்துக்குத் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 36 காசு, தக்காளிக்கு 33 காசு.

பதுக்கல் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பது பழைய வழக்கம். தரையிலிருந்து சற்று உயர்த்தி, அடியில் காற்றுப் போக வழிவிட்டு, குச்சி வைத்து அடைத்து, மேலே கீற்றோ கரும்புச் சோகையோ போர்த்துவார்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும். எடை குறையும், அழுகும், முளைக்கும். அந்த நட்டமெல்லாம் விவசாயியின் தலையில்தான். அறுவடை நெரிசலில் எல்லோரும் ஒரே வாரத்தில் கொட்டாமல் வரத்தைப் பரப்பி விடுவது இந்தப் பட்டறைதான், அதைப் பதுக்கல் என்று பேசுவது அறியாமை. அதே சமயம், வணிகர் கிடங்குக்கு இருப்பு வரம்பே கூடாது என்ற கட்சியிலும் நாங்கள் இல்லை. 2020 அக்டோபரில் மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறைக்கு 2 டன் என்று வரம்பு விதித்தார்கள். பண்டிகை நேரத்தில் வந்து மிரட்டும் வரம்பைவிட, ஆண்டு முழுவதும் வாரந்தோறும் இருப்பைத் தெரிவிக்கச் சொல்வது மேல். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால் வதந்தியை வைத்து விலையை ஏற்றவும் முடியாது, அடிக்கவும் முடியாது.

இதைக் கேட்டதும் ஒரு கேள்வி வரும். கூலி வேலை செய்து பிழைப்பவர் வாங்கும் பொருள் ஆயிற்றே, விலை ஏறினால் அரசு கைகட்டி நிற்கலாமா? நியாயமான கேள்விதான். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் தக்காளி, வெங்காயம், உருளை மூன்றும் சேர்ந்து 2.2 சதவீதம் அளவே இருந்தாலும், ஏழை வீட்டு அடுப்பில் அதன் கனம் அதிகம். எனவே கையிருப்பிலிருந்து ரேஷன் கடையில் மலிவாக விற்பதை வரவேற்கிறோம். அந்த மலிவின் செலவை அரசுக் கருவூலம் ஏற்கட்டும். ஏற்றுமதித் தடையின் மூலம் எங்கள் தலையில் கட்ட வேண்டாம்.

எனவே நாங்கள் கேட்பது இவை. முதலாவதும் முக்கியமானதும், ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்பாகச் சின்ன வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் அடிப்படை விலை அறிவிக்க வேண்டும். மண்டி விலை அதற்குக் கீழே ஒரு வாரம் நின்றால், யாரும் மனுக் கொடுக்காமலே கொள்முதலோ வித்தியாசத் தொகையோ தொடங்கிவிட வேண்டும். முடியாத காரியம் இல்லை. கேரளம் 2020 நவம்பர் 1 முதல் 16 வகை விளைபொருளுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து அடிப்படை விலை அறிவித்தது. மரவள்ளிக்கு 12 ரூபாய், தக்காளிக்கு 8 ரூபாய் என்று அன்று நிர்ணயித்தார்கள். 8 ரூபாய் போதுமா என்பது வேறு விவாதம். விலை இதற்குக் கீழே போகாது என்று நடும் முன்பே தெரிவதுதான் பெரிது.

ஏற்றுமதியில், நடவு முடிந்த பயிருக்கு அந்தப் பருவம் முடியும் வரை விதியை மாற்றக் கூடாது. கர்நாடகத்தின் ரோஸ் வெங்காயத்துக்கும் குஜராத்தின் வெள்ளை வெங்காயத்துக்கும் தனியே பெயர் சொல்லி விலக்கு எழுத முடிந்தது. வடக்கே சமையலில் பெரிதாகப் புழங்காத, தமிழர் வாழும் நாடுகளுக்கே பெரும்பாலும் போகும் சின்ன வெங்காயத்துக்கும் அதே தெளிவு வேண்டும். நாசிக் விலைக்கு அஞ்சி அதை நிறுத்துவதில் பயன் இல்லை.

வரத்தை முன்கூட்டியே அறிய அரசு பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. தக்காளி நாற்றை இப்போது பெரும்பாலோர் நாற்றுப் பண்ணையில்தான் வாங்குகிறார்கள். ஒரு வட்டாரத்தில் இந்த வாரம் எத்தனை லட்சம் நாற்று விற்றது என்று தோட்டக்கலைத் துறை கேட்டு வெளியிட்டாலே, இரண்டு இரண்டரை மாதத்துக்குப் பிந்தைய வரத்து தெரிந்துவிடும். விதை வெங்காய விற்பனைக்கும் இது பொருந்தும். எங்கள் உறுப்பினர்களுக்கும் இதையே சொல்கிறோம். போன பட்டத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சம்பாதித்தார் என்பதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் அதையே நடுவதை நிறுத்தாவிட்டால், எந்த அரசு வந்தாலும் சரிவைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

மண்டிக் கமிஷனை வாங்குகிறவரிடம் பிடிக்க வேண்டும், விற்கிறவரிடம் அல்ல. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை அந்தக் கமிஷனை இல்லாமல் செய்தது உண்மை. ஆனால் ஆயிரம் கிலோவை ஒரே நாளில் அங்கே விற்றுவிட முடியாது. மொத்தச் சரக்குக்கு மண்டிதான் கதி, ஆகவே மண்டியைத்தான் சீர்செய்ய வேண்டும். தேசிய தோட்டக்கலை இயக்கத்தில் 25 டன் வெங்காயக் கிடங்குக்குப் பாதிச் செலவு மானியம் தந்ததுபோல, அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர் போடும் சிறிய பட்டறைக்கும் மானியம் வேண்டும்.

வைகாசிப் பட்டத்துக்கு விதை வெங்காயம் வாங்க எங்கள் உறுப்பினர்கள் சித்திரையிலேயே பணம் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். அடிப்படை விலையையும் ஏற்றுமதி விதியையும் சித்திரை முடிவதற்குள் அறிவிக்குமாறு மாநில, மத்திய அரசுகளைக் கேட்டுக்கொள்கிறோம்.