கொரியா நாடகமும் நம்ம தூக்கமும்

செஞ்சிப் பக்கம் பனமலை வரைக்கும் கொரியாக் காதல் நாடகம் வந்தாச்சு, சகோதரிகளே! 2014-ல் புதுயுகம் டி.வி. ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ தொடரைத் தமிழ் பேச வைத்தது. இன்றைக்கு செல்போனிலேயே கிடைக்கிறது. பணக்காரப் பையன், ஏழைப் பெண், பையனின் அம்மா மிரட்டல், நடுவே வயிறு குலுங்கச் சிரிப்பு! அப்பாவை அவர்களும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நமக்குப் பிடிக்காமல் போகுமா?

நம்ம சீரியல் மாதிரி வருஷக் கணக்கில் இழுக்காது. பெரும்பாலும் 16 பகுதிதான். ஆனால் ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். வேலை ஓய்ந்து, குழந்தையும் தூங்கின பிறகு, 11 மணிக்குப் போர்வைக்குள் செல்போனைப் பிடித்தால், ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று 2 மணி ஆகிவிடும். காலை 5 மணிக்கு எழுந்தால் தலைவலி, எரிச்சல். அடி வாங்குவது குழந்தை! உடம்புக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டாமா?

அதற்காகப் பார்க்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ராஜசிம்ம பல்லவன் கட்டிய பனமலைக் கோயிலில் 1,300 வருஷத்து ஓவியம் ஒன்று உண்டு. சிவனின் ஆட்டத்தைப் பார்வதி ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று, நிதானமாக ரசிக்கிறாள். தலைக்கு மேலே குடை வேறு! ஒளிந்து பார்க்கவில்லை.

நீங்களும் ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னுடையது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அதுவரை குழந்தையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். நாளுக்கு ஒன்று, 16 நாளில் கதையும் முடியும், தூக்கமும் கெடாது!