காவலருக்கும் உண்டு கடிவாளம்

கலேவெலயிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "வாப்பாவுக்கு வாயில் புற்றுநோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே குணமாக்கும் மருந்து வந்துள்ளதாமே, உண்மையா?"

உண்மைதான், சகோதரி. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது.

நமது இரத்தத்தில் 'டி' கலங்கள் என்னும் காவலர்கள் உண்டு. அவற்றின் மேற்பரப்பில் 'வாங்கிகள்' எனப்படும் புரதங்கள் உள்ளன. சில வாங்கிகள் பகைவனை இனங்காணும். வேறு சில, காவலர் அளவுமீறித் தாக்காதபடி கடிவாளமாக நிற்கும். 'பிடி-1' அப்படியொரு கடிவாளம். புற்றுநோய்க் கலம் தந்திரமாக இதை இழுத்துப் பிடித்துக் காவலரை முடக்கிவிடுகிறது. அந்தப் பிடியைத் தடுப்பதே புதிய மருந்தின் வேலை. இத்தகைய கடிவாளங்களை ஆராய்ந்த ஜப்பானியர் தசுக்கு ஹொன்ஜோவும் அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

பரவிய அல்லது திரும்பி வந்த வாய்ப்புற்றுக்கு இம்மருந்தை 2016இல் அமெரிக்கா அனுமதித்தது. எனினும் சிலருக்கே பலன் கிடைக்கிறது. விலையும் மிக அதிகம். கடிவாளம் கழன்ற காவலர் குடல், நுரையீரல் போன்ற சொந்த உறுப்புகளையே தாக்குவதும் உண்டு. வாப்பாவுக்கு ஏற்றதா என்பதைப் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் கேளுங்கள். இதற்காகக் காத்திருந்து சத்திரசிகிச்சையையோ கதிர்ச் சிகிச்சையையோ தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டிலுள்ள மற்றவர்களும் கவனியுங்கள். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை முக்கிய காரணங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ தெரிந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.